ஓட்ஸ் பாக்கெட் தாத்தா யாருங்க? பேரம் பேசாத கடை, சாயம் போடாத சட்டை... குவேக்கர்களின் கதை!

டயட்டுக்காகக் காலையில் ஓட்ஸ் சாப்பிடுகிற ஆளா நீங்க? அப்படின்னா இந்தத் தாத்தாவை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அகலமான தொப்பி, தோள் வரைக்கும் வெள்ளை முடி, லேசான சிரிப்பு. மேலே 'குவேக்கர்' என்று பெயர்.

அந்த கம்பெனிக்கும் நிஜ குவேக்கர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது என்பதுதான் இதில் வேடிக்கை. 1877-ல் அமெரிக்காவில் ஓர் ஓட்ஸ் ஆலை அந்தப் பெயரையும் உருவத்தையும் டிரேட்மார்க்காகப் பதிவு செய்துகொண்டது. குவேக்கர் என்றால் நேர்மையானவர், கலப்படம் செய்ய மாட்டார் என்று அன்றைக்கு மக்கள் மத்தியில் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை எடுத்து பாக்கெட்டில் ஒட்டிக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

திருப்பூர்க்காரங்களுக்கு இது சட்டென்று புரியும். அதே நூல், அதே தையல், அதே பனியன்தான். கழுத்தில் எந்த லேபிள் தைக்கிறோம் என்பதில்தான் விலையே இருக்கிறது. ஆனால், ஒரு மதக் குழுவின் பெயரே தரத்துக்கான லேபிளாக மாறியது எப்படி? விளம்பரம் கொடுத்தா? இல்லை. கடையில் விலை சொன்ன விதத்தில், போட்ட சட்டையில், கூப்பிட்ட வார்த்தையில். அதனால், இந்தக் கதையை லண்டனில் இருந்து பார்ப்பதைவிட, பாத்திரமும் பனியனும் விற்கிற அனுப்பர்பாளையத்தில் இருந்து பார்ப்பதுதான் சரி என்று தோன்றுகிறது.

'நடுங்கி' என்றொரு பட்டப்பெயர்

17-ம் நூற்றாண்டு இங்கிலாந்து. உள்நாட்டுப் போர் நடந்து, 1649-ல் மன்னரின் தலையையே வெட்டியிருந்தார்கள். சர்ச், அரசு எதன் மீதும் சாதாரண மக்களுக்கு நம்பிக்கை இல்லாத நேரம். அப்போது ஊர் ஊராக நடந்து பேசிக்கொண்டிருந்தார் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்ற இளைஞர். நெசவாளியின் மகன். செருப்புத் தைக்கும் தொழில் பழகியவர்.

அவர் சொன்னதன் சாரம் ரொம்ப எளிமையானது. ஒவ்வொரு மனிதருக்குள்ளும் கடவுளின் வெளிச்சம் கொஞ்சம் இருக்கிறது. அதைக் கேட்க நடுவில் பாதிரியார் வேண்டாம், கட்டடம் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். அமைதியாக உட்கார்ந்தால் போதும்.

இதைச் சொன்னதற்குத்தான் ஜெயில். 1650-ல் டெர்பி ஊரில் நீதிபதி முன்னால் நிறுத்தியபோது, கடவுளின் வார்த்தைக்கு முன்னால் நீங்கள் நடுங்க வேண்டும் என்று அந்த நீதிபதியிடமே சொல்லியிருக்கிறார் ஃபாக்ஸ். "ஓ, நடுங்குற கூட்டமா நீங்க?" என்கிற மாதிரி அவர் நக்கலடிக்க, 'குவேக்கர்', அதாவது நடுங்குகிறவர் என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. அவர்கள் தங்களைக் கூப்பிட்டுக்கொள்வது 'நண்பர்கள்' என்றுதான். சங்கத்தின் பெயரும் 'நண்பர்களின் சமயச் சங்கம்'.

இன்றைக்கு உலகம் முழுக்க ஏறக்குறைய 4 லட்சம் பேர் இருக்கிறார்கள். திருப்பூர் நகரத்தின் மக்கள்தொகையில் பாதிகூட வராது. அதிகம் பேர் இருப்பது இங்கிலாந்தில் அல்ல, கென்யாவில். அங்கே பாட்டு, பிரசங்கம், போதகர் எல்லாம் உண்டு. மௌனமாக உட்காருவது பிரிட்டன் போன்ற இடங்களில் தொடர்கிற பழைய பாணி.

இவர்களிடம் 'இதை நம்புகிறேன், அதை நம்புகிறேன்' என்று ஒப்பிக்கிற விசுவாச அறிக்கை கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: சாட்சியம். கோர்ட்டில் சொல்கிற சாட்சி மாதிரியேதான். நீ எதை நம்புகிறாய் என்பதற்கு உன் வாய் சாட்சி சொல்லக் கூடாது, உன் வாழ்க்கை சொல்லணும். எளிமை, அமைதி, நேர்மை, சமூகம், சமத்துவம், இயற்கையைப் பொறுப்போடு பயன்படுத்துவது என்று ஆறு விஷயங்களை இன்றைக்குப் பட்டியல் போடுகிறார்கள். ஆங்கிலத்தில் இவற்றின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் 'ஸ்பைசஸ்' என்று வரும். மசாலா! குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வசதியாகப் பின்னாளில் வந்த சுருக்கம் இது. ஃபாக்ஸ் காலத்து ஆட்களிடம் இந்தப் பட்டியல் இல்லை. அவர்களிடம் இருந்தது கடை, பட்டறை, தறி.

'என்ன விலைங்ண்ணா?'

அனுப்பர்பாளையத்தில் ஒரு பித்தளைக் குடம் வாங்கப் போகிறீர்கள். எடை போடுவாங்க, கிலோவுக்கு இவ்வளவு என்பாங்க, பழைய போசி இருந்தால் அதைக் கழிச்சுக்குவாங்க. அப்புறம் ஆரம்பிக்கும். "பாத்துப் போட்டுக் குடுங்ண்ணா." "ஏனுங்க, உங்களுக்குப் போயி ஜாஸ்தி சொல்லுவனுங்களா?" காதர்பேட்டையில் பனியன் கட்டு வாங்கினாலும் இதே வசனம்தான். கடைக்காரர் குறையப்போகிற அளவையும் சேர்த்துத்தான் முதல் விலையைச் சொல்கிறார். வாங்குகிறவரும் கொடுக்க நினைப்பதைவிடக் குறைத்துத்தான் கேட்கிறார். இரண்டு பேருக்கும் அது தெரியும். நமக்கெல்லாம் இது பொய்யே இல்லை, ஒரு விளையாட்டு.

குவேக்கர்களுக்கு இது பொய். 300 ரூபாய்க்குக் கொடுக்க முடிகிற பொருளை முதலில் 400 என்று சொன்னால், அந்த 400 என்ன? வாய்க்கு வந்த பொய்தானே? அதனால், சந்தையில் எல்லோரும் பேரம் பேசிக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் ஒரே விலை சொன்னார்கள். முதலில் வாடிக்கையாளர்கள் ஓடிவிட்டார்கள். 'என்னடா, குறைக்கவே மாட்டேங்கிறான்' என்று. கொஞ்ச நாளில் ஒரு விஷயம் புரிந்தது. இந்தக் கடைக்குச் சின்னக் குழந்தையை அனுப்பினாலும் ஏமாற்ற மாட்டார்கள்! கூட்டம் திரும்பி வந்தது. இதை ஃபாக்ஸே தன் நாள்குறிப்பில் திருப்தியோடு எழுதி வைத்திருக்கிறார்.

இன்றைக்கு நீங்கள் மொபைலில் ஷாப்பிங் செய்யும்போது பார்க்கிற விலைப் பட்டியலுக்கு, ஒரே விலை சொன்ன இந்தப் பழைய கடைகளும் ஒரு முன்னோடி. (ஆனால், 'எம்.ஆர்.பி-யை அடித்துவிட்டு 70 சதவிகிதம் ஆஃபர்' என்று போடுவதை ஃபாக்ஸ் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!)

பாத்திரம் என்றதும் இன்னொருவரைச் சொல்லாமல் விட முடியாது. ஆப்ரகாம் டார்பி. குவேக்கர். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பித்தளைத் தொழிலில் இருந்தவர். ஏழை வீட்டுச் சமையலுக்கு பித்தளை கட்டுப்படியாகவில்லை. இரும்பிலேயே லேசான பானை வார்க்க முடியுமா என்று முயன்று, மணல் அச்சில் வார்க்கும் முறைக்கு 1707-ல் காப்புரிமை வாங்கினார். 1709-ல் கோல்புரூக்டேல் என்ற ஊரில், மரக்கரிக்குப் பதிலாக நிலக்கரியில் இருந்து எடுத்த கோக்கைப் போட்டு இரும்பு உருக்கினார். தொழில் புரட்சியின் வரலாறு எழுதுகிறவர்கள் தொடுகிற முக்கியமான இடம் இது. அடிப்படையில் அவர் செய்துகொண்டிருந்தது நம்ம ஊர் பட்டறை வேலைதான்: போசி செய்வது.

இவர்கள் ஏன் இப்படி வியாபாரத்திலேயே குவிந்தார்கள்? வேறு வழி இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜில் பட்டம் வாங்க முடியாது. அரசுப் பதவி கிடையாது. அதற்கெல்லாம் சர்ச்சை ஏற்று சத்தியப் பிரமாணம் செய்ய வேண்டும், இவர்கள் செய்ய மாட்டார்கள். மிச்சம் இருந்தது வியாபாரம். அதிலும் கடனைத் திருப்பித் தராமல் திவாலானால் சங்கமே விசாரித்து வெளியே தள்ளிவிடும். அப்படிப்பட்டவர்களை நம்பிக் காசு கொடுக்க யாருக்கும் தயக்கம் இல்லை. பார்க்லேஸ், லாயிட்ஸ் என்ற இரண்டு பெரிய வங்கிகளும், கேட்பரி, ரவுன்ட்ரீ, ஃப்ரை என்ற மூன்று சாக்லேட் கம்பெனிகளும், கிளார்க்ஸ் செருப்பும் குவேக்கர் குடும்பங்கள் தொடங்கியவை. இன்றைக்கு எல்லாமே வேறு கைகளில்.

நீதிமன்றத்தில் சத்தியம் செய்ய ஏன் மறுத்தார்கள்? அதுவும் விலை விஷயம் மாதிரிதான். 'இப்போ சத்தியமா சொல்றேன்' என்றால், மற்ற நேரம் சொன்னதெல்லாம் பொய்யா? எப்போதும் உண்மைதான் பேசணும் என்றால் தனியாகச் சத்தியம் எதற்கு? இதற்காக எத்தனையோ பேர் சிறைக்குப் போனார்கள். கடைசியில் 1690-களில் இங்கிலாந்து பார்லிமென்ட், இவர்கள் சத்தியத்துக்குப் பதில் உறுதிமொழி சொன்னால் போதும் என்று சட்டம் போட்டது. அந்த வழி பிறகு மற்றவர்களுக்கும் திறந்தது. இன்றைக்கு இந்தியச் சட்டத்திலும் இரண்டில் எதை வேண்டுமானாலும் தேர்வு செய்யலாம். நம்ம அமைச்சர்கள் பதவியேற்கும்போது சிலர் 'ஆண்டவன் மீது ஆணையிட்டு' என்பார்கள், சிலர் 'உளமார' என்று உறுதி கூறுவார்கள் இல்லையா? கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் நின்று சொல்கிற அந்த இரண்டாவது வழியின் தொடக்கத்தில், கடவுள் நம்பிக்கை அதிகமாக இருந்ததாலேயே சத்தியம் செய்ய மறுத்த ஒரு கூட்டம் இருக்கிறது.

நீயா, நீங்களா?

தமிழ் தெரிந்தவர்களுக்கு ஆங்கிலேயர்களைவிட நன்றாகவே புரியக்கூடிய ஒரு சண்டை இது. அன்றைய ஆங்கிலத்தில் 'நீ' வேறு, 'நீங்கள்' வேறு. பெரிய மனிதர்களை 'நீங்கள்' என்று கூப்பிட வேண்டும், வேலைக்காரரை 'நீ' என்று கூப்பிடலாம். குவேக்கர்கள் எல்லோரையும் 'நீ' என்றார்கள். பண்ணையாரையும் நீதிபதியையும் சேர்த்து! யாருக்காகவும் தொப்பியைக் கழற்றவும் மறுத்தார்கள். தொப்பியைக் கழற்றாததற்கு அபராதம், அடி, சிறை. வில்லியம் பென் என்ற பணக்கார வீட்டுப் பையன் குவேக்கரானபோது, அப்பாவுக்கு முன்னாலேயே தொப்பியைக் கழற்றவில்லை. கடற்படைத் தளபதியான அப்பா எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

கொங்குப் பக்கத்தில் 'ங்க' போடாமல் ஒரு வாக்கியம் முடியாது என்று மற்ற ஊர்க்காரர்கள் கிண்டல் செய்வார்கள். "வாங்க, உக்காருங்க, சாப்பிடுங்க." நல்ல பழக்கம்தான். ஆனால், இந்த 'ங்க' யாருக்கு விழுகிறது, யாருக்கு விழாமல் போகிறது என்று ஒருநாள் முழுக்க காதைத் தீட்டிக் கவனித்துப் பாருங்கள். 60 வயதான பட்டறைத் தொழிலாளியை 16 வயதுப் பையன் 'வா, போ' என்று கூப்பிடுகிற இடங்கள் இருக்கின்றன. அதற்குப் பின்னால் சாதியோ காசோ இருக்கும், பெரும்பாலும் இரண்டும். குவேக்கர்கள் எல்லோரையும் 'நீ' ஆக்கினார்கள். நாம் எல்லோரையும் 'நீங்க' ஆக்கினால் கணக்கு ஒன்றுதான்.

பெண்கள் விஷயத்திலும் அப்படித்தான். தேவாலயத்தில் பெண்கள் வாய் திறக்கவே கூடாது என்றிருந்த காலத்தில், குவேக்கர் கூட்டத்தில் பெண்கள் எழுந்து பேசினார்கள். பெண்கள் பேசுவதை நியாயப்படுத்தி மார்கரெட் ஃபெல் என்ற பெண் 1666-ல் ஒரு நூலே எழுதினார். அப்போது அவர் இருந்தது சிறையில்.

பில் எழுதச் சொன்ன முதலாளி

இந்த முழு வரலாற்றிலும் எனக்கு மிகவும் பிடித்த ஆள் ஒரு டெய்லர். ஜான் உல்மன், 1720-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி பகுதியில் பிறந்தவர். இருபதுகளின் தொடக்கத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலை. ஒருநாள் முதலாளி ஒரு பில் போடச் சொன்னார். விற்கப்பட்ட பொருள், ஒரு கறுப்பினப் பெண். வாங்கியவர் வெளியே காத்திருந்தார். வாங்கியவரும் குவேக்கர்தான்.

ஆமாம். நேர்மை, சமத்துவம் என்றெல்லாம் பேசியவர்களின் வீடுகளில் அன்றைக்கு அடிமைகள் இருந்தார்கள். தொப்பியைக் கழற்றாத அந்த வில்லியம் பென்னும் அடிமைகளை வைத்திருந்தார். இதை மறைத்துவிட்டு குவேக்கர்களைப் பற்றிப் பேசினால் அது ஓட்ஸ் பாக்கெட் லேபிள் மாதிரி ஆகிவிடும்.

உல்மன் அந்த பில்லை எழுதிவிட்டார். வேலைக்குச் சேர்ந்த இடம், சொன்னது முதலாளி, வாங்கியவர் வயதானவர், திடீரென்று வந்த வேலை. நமக்கும் ஆபீஸில் இப்படி நடந்திருக்கும்தானே? ஆனால் எழுதும்போதே, இது தப்பு என்று இரண்டு பேரிடமும் சொன்னார். அதுவும் போதவில்லை என்று பிறகு உறுத்தியது. அடுத்த முறை வேறொருவர் அதே மாதிரி எழுதச் சொன்னபோது மறுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் செய்தது கோஷம் போடும் போராட்டம் இல்லை. அடிமை வைத்திருந்த குவேக்கர் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனார். சாப்பிட்டார், தங்கினார், பேசினார். கிளம்பும்போது, தனக்கு வேலை செய்த அடிமைகளுக்குக் கூலி கொடுத்தார். விருந்தாளி கூலி கொடுத்தால் வீட்டுக்காரருக்கு எப்படி இருக்கும்? அந்தச் சங்கடம்தான் அவருடைய ஆயுதம். ஒரு வருடம் இரண்டு வருடம் இல்லை, கால் நூற்றாண்டு. 1772-ல் அவர் இறந்தார். 1776-ல் பிலடெல்பியா குவேக்கர் பேரவை, இனி அடிமை வைத்திருக்கும் யாரும் உறுப்பினராக இருக்க முடியாது என்று முடிவெடுத்தது. 1787-ல் லண்டனில் அடிமை வியாபாரத்தை ஒழிக்கக் குழு தொடங்கிய 12 பேரில் 9 பேர் குவேக்கர்கள்.

இரண்டு விஷயங்கள் திருப்பூரில் இருக்கிறவர்களைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வைக்கும். ஒன்று, உல்மனின் கடை நன்றாக ஓட ஆரம்பித்தபோது அவர் அதை வேண்டுமென்றே குறைத்துக்கொண்டார். வருகிற ஆர்டரை எல்லாம் எடுத்தால் வாழ்க்கை முழுக்க அதிலேயே போய்விடும் என்று, கடையை விட்டுவிட்டு டெய்லர் வேலையை மட்டும் வைத்துக்கொண்டார். ஷிப்மென்ட் தேதிக்காக நைட் ஷிப்ட், அதற்கு மேல் இன்னொரு அரை ஷிப்ட் என்று ஓடுகிற ஊரில் இப்படி ஓர் ஆளைப் 'பொழைக்கத் தெரியாதவன்' என்பார்கள். அவர் ஊரிலும் அப்படிச் சொல்லியிருப்பார்கள்.

இரண்டாவது, சாயம். ஒரு கட்டத்தில் சாயம் போட்ட துணி உடுத்துவதையே நிறுத்திவிட்டார். துணியின் இயற்கை நிறத்திலேயே சட்டை, தொப்பி. சாயம் என்பது பாதி கண்ணுக்கு அழகு, மீதி அழுக்கை மறைக்க. அழுக்கை மறைப்பதற்குப் பதில் துவைக்கலாமே என்பது அவர் வாதம். அடிமைகளின் உழைப்பில் வந்த சர்க்கரையையும் தவிர்த்தார். வெள்ளைத் தொப்பியோடு வந்தவரைப் பார்த்து, ஸீன் போடுகிறான் என்று அவருடைய சொந்தக் கூட்டத்தினரே நினைத்தார்கள். அது அவருக்கு வலித்தது.

சாயத்தின் அழுக்கு எங்கே போகும் என்பது நொய்யல் கரையில் இருப்பவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விவசாயத்துக்காக 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. தண்ணீரைத் திறந்துவிடாதீங்க என்று விவசாயிகளே கெஞ்சுகிற நிலை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியேறாத சுத்திகரிப்பு என்ற ஏற்பாடு அதற்குப் பிறகுதான் இறுகியது. 250 வருஷத்துக்கு முன்னால் ஒரு டெய்லர், என் சட்டையின் நிறத்துக்கான விலையை வேறு யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டது எவ்வளவு பெரிய கேள்வி!

அவருக்குப் பிறகு 19-ம் நூற்றாண்டில், அடிமை உழைப்பில்லாத பருத்தி மட்டுமே விற்கும் கடைகளைக் குவேக்கர்கள் நடத்தினார்கள். துணி கொஞ்சம் முரடு, விலை ஜாஸ்தி, வியாபாரம் பெரிதாகப் போகவில்லை. ஆனால் 'இது யார் கையால் வந்தது?' என்று துணியைப் பார்த்துக் கேட்கும் பழக்கம் உருவானது. இன்றைக்கு வெளிநாட்டு பையர்கள் திருப்பூர் கம்பெனிகளுக்கு அனுப்புகிற சோஷியல் ஆடிட் ஆட்கள் கேட்பதும் அதே கேள்விதான். அவர்கள் வருகிற அன்றைக்கு மட்டும் மாஸ்க்கும் முதலுதவிப் பெட்டியும் புதுசாக முளைக்கும் கதை இங்கே பலருக்குத் தெரியும். ஆடிட் வருகிற நாளில் மட்டும் இருக்கிற நேர்மையை, குவேக்கர்கள் சத்தியப் பிரமாணம் மாதிரிதான் பார்த்திருப்பார்கள்.

ஒரு ஃபார்த்திங் அவமானம்

அவர்களும் அதே இடத்தில் வழுக்கி விழுந்தார்கள். கேட்பரி குடும்பம் பர்மிங்ஹாம் பக்கத்தில் போர்ன்வில் என்ற ஊரையே தொழிலாளர்களுக்காக உருவாக்கியது. தோட்டத்தோடு வீடு, விளையாட்டு மைதானம் எல்லாம். ஆனால், சாக்லேட்டுக்கான கோகோவில் ஒரு பெரும் பகுதி சாவோ டோமே என்ற போர்ச்சுகீசியத் தீவில் இருந்து வந்தது. அங்கே வேலை செய்தவர்கள் பெயருக்குத்தான் ஒப்பந்தத் தொழிலாளர்கள், நிஜத்தில் அடிமைகள். இதைப் பற்றிக் காதில் விழுந்த பிறகும் விசாரிக்கிறோம், பேசுகிறோம் என்று பல வருடங்கள் கழித்து 1909-ல்தான் அந்தக் கோகோவை வாங்குவதை நிறுத்தினார்கள். ஒரு பத்திரிகை அவர்களைக் கபட வேடதாரிகள் என்கிற தொனியில் எழுத, கேட்பரி அவதூறு வழக்குப் போட்டது. ஜெயித்தது. ஆனால் ஜூரிகள் கொடுத்த நஷ்டஈடு ஒரு ஃபார்த்திங். ஒரு பென்னியில் கால் பங்கு! 'சட்டப்படி நீ சொல்வது சரி, மற்றபடி...' என்று அர்த்தம்.

போர்ன்வில் மாதிரி முதலாளியின் நல்ல மனசால் வரும் சமத்துவத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது என்பது என் கருத்து. 1984-ல் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அனுப்பர்பாளையம் பாத்திரப் பட்டறைகளிலும் கூலி உயர்வு என்பது சங்கங்கள் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டு வருவதுதான். யாருடைய உள்ளொளியும் தானாகக் கூலியைக் கூட்டிவிடவில்லை.

துப்பாக்கி தொடாதவர்கள்

எந்தக் காரணத்துக்காகவும் ஆயுதம் எடுக்க மாட்டோம் என்று 1660-களின் தொடக்கத்திலேயே மன்னர் இரண்டாம் சார்லஸிடம் எழுதிக் கொடுத்தவர்கள் இவர்கள். அதிலும் எல்லோரும் உறுதியாக நிற்கவில்லை. முதல் உலகப் போரில், போருக்குப் போகும் வயதில் இருந்த பிரிட்டன் குவேக்கர் ஆண்களில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் ராணுவத்தில் சேர்ந்தார்கள். மறுத்தவர்களில் சிலர் சிறைக்குப் போனார்கள், சிலர் ஆம்புலன்ஸ் ஓட்டினார்கள்.

இந்தியச் சுதந்திரப் போராட்டத்தில் இவர்களின் பெயர் பல ஓரங்களில் வரும். 1930 மார்ச்சில், தண்டி யாத்திரைக்கு முன்பு வைஸ்ராய் இர்வினுக்கு காந்தி எழுதிய கடிதத்தை டெல்லிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவர் ரெஜினால்ட் ரெனால்ட்ஸ் என்ற 24 வயது ஆங்கிலேயர். குவேக்கர். எங்கள் சண்டை ஆங்கிலேய மக்களோடு இல்லை என்பதைக் காட்ட ஓர் ஆங்கிலேயர் கையிலேயே கடிதத்தைக் கொடுத்து அனுப்பினார் காந்தி. அடுத்த இரண்டு வருடத்துக்குள், 1932 ஜனவரியில் திருப்பூரில் கொடியோடு ஊர்வலம் போன குமரனின் மண்டை உடைக்கப்பட்டது. ஒரே அகிம்சை, இரண்டு வெவ்வேறு விலை.

1942-ல் மிதினாப்பூர் புயல், பிறகு வங்காளப் பஞ்சம் என்று தொடர்ந்த நாட்களில் ஹோரஸ் அலெக்ஸாண்டர் என்ற குவேக்கரின் தலைமையில் வந்த ஆம்புலன்ஸ் குழு நிவாரண வேலை செய்தது. 1947 ஆகஸ்டில் கல்கத்தாவில் காந்தி கலவரத்தைத் தடுக்கத் தங்கியிருந்த வீட்டிலும் அவர் உடன் இருந்தார். அதே 1947-ல் அமைதிக்கான நோபல் பரிசு பிரிட்டன், அமெரிக்க குவேக்கர் சேவை அமைப்புகள் இரண்டுக்கும் சேர்த்துக் கிடைத்தது.

கோத்தகிரியில் ஒருவர், திருவனந்தபுரத்தில் ஒருவர்

அனுப்பர்பாளையத்தில் இருந்து அவிநாசி, அன்னூர், மேட்டுப்பாளையம் வழியாக மலையேறினால் கோத்தகிரி. அங்கே பல காலம் வாழ்ந்தவர் மார்ஜரி சைக்ஸ். 1928-ல், 23 வயதில் சென்னை வேப்பேரியில் உள்ள பென்டிங்க் பெண்கள் பள்ளிக்கு டீச்சராக வந்தவர். தமிழ் கற்றுக்கொண்டார். 30-களில் குவேக்கரானார். பிறகு சாந்திநிகேதன் போய், தாகூரின் நாடகங்களை வங்காளத்தில் இருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். அதன்பின் சேவாகிராமில், கைத்தொழில் வழியாகப் பாடம் கற்கும் காந்தியின் 'நயி தாலீம்' கல்விக்கு ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். கோத்தகிரிக்கு வந்த பிறகு அமைதிப் படைத் தொண்டர்களுக்குப் பயிற்சி. 1964-ல் நாகாலாந்தில் சண்டை நிறுத்தம் வந்தபோது அமைதி கண்காணிப்புக் குழுவில் ஒருவராக அங்கே போனார். அப்போது அவருக்கு வயது 60-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தியாவில் குவேக்கர்களின் வரலாற்றை எழுதியவரும் இவரே. 1995-ல் காலமானார்.

இன்னொருவரை உங்களுக்கு இன்ஸ்டாகிராமில் பழக்கம் இருக்கலாம். ஜாலி வைத்த செங்கல் சுவர், பூச்சு இல்லாத வீடு, திருவனந்தபுரம் தம்பானூரில் சுழன்று சுழன்று ஏறும் இந்தியன் காபி ஹவுஸ். கட்டியவர் லாரி பேக்கர். பிறவியில் பிரிட்டிஷ்காரர், குவேக்கர், உலகப் போரில் சீனாவில் மருத்துவச் சேவை. ஊர் திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். பேச்சு தொடங்கியது பேக்கர் போட்டிருந்த காலணியில். வேஸ்ட் துணியில் அவரே தைத்தது! பிறகு இந்தியாவுக்கே வந்துவிட்டார், இங்கேயே திருமணம், இந்தியக் குடியுரிமை, 1990-ல் பத்மஸ்ரீ. பக்கத்தில் கிடைக்கிற பொருளை வைத்து, தேவையான அளவுக்கு மட்டும், ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே அக்கறையோடு கட்டுவது என்ற அவருடைய பாணியை ஆர்க்கிடெக்சர் கல்லூரிகளில் பாடமாக நடத்துகிறார்கள். எளிமை என்ற சாட்சியம் செங்கல்லில் இப்படித்தான் இருக்கும்.

ஒரு மணி நேரம், போன் இல்லாமல்

கடைசியாக, இவர்களின் வழிபாடு. நாற்காலிகள் வட்டமாக இருக்கும். சிலை, சிலுவை, மேடை, மைக் எதுவும் கிடையாது. எல்லோரும் வந்து உட்காருவார்கள். மௌனம். யாருக்காவது உள்ளே இருந்து ஏதோ சொல்லியே ஆகணும் என்று தோன்றினால் எழுந்து சில வார்த்தை சொல்லிவிட்டு உட்காரலாம். அதற்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், விவாதிக்க மாட்டார்கள். கமென்ட் செக்‌ஷனே இல்லாத ஓர் இடம்! சில நாள் யாருமே பேசாமல் முடியும்.

சங்கத்தின் முடிவுகளையும் இதே மாதிரிதான் எடுக்கிறார்கள். ஓட்டெடுப்பு கிடையாது. எழுத்தர் ஒருவர், கூட்டத்தின் மனம் எங்கே போகிறது என்று கவனித்து ஒரு வரி எழுதி வாசிப்பார். ஒருவருக்கு மனசு ஒப்பவில்லை என்றால் காத்திருப்பார்கள். சில விஷயங்களில் மாதக்கணக்கில், வருடக்கணக்கில். அடிமை விவகாரத்தில் ஒரு தலைமுறையே போனது இதனால்தான். மெதுவாக நடப்பதில் ஓர் அழகு இருக்கிறது, ஆனால் அந்தக் காத்திருப்பின் விலையைக் கொடுத்தது கூட்டத்தில் உட்காராத அடிமைகள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அதேநேரம், 51 பேர் சேர்ந்து 49 பேரை வாயடைக்க வைக்கிற வாட்ஸ்அப் குரூப் போல்களைப் பார்க்கும்போது, 'கொஞ்சம் பொறு, அவர் ஏன் ஒத்துக்கலைன்னு கேட்போம்' என்று ஒரு கூட்டம் சொல்வது ஆச்சர்யமாகத்தான் இருக்கிறது.

இந்தியாவில் குவேக்கர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர். 1866-ல் ரேச்சல் மெட்கால்ஃப் என்ற பெண் முதல் குவேக்கர் மிஷனரியாக வந்தார். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தைச் சுற்றி அவர்களின் வேலை வளர்ந்தது. 1972-ல் அங்கே 16 கிராமப்புறப் பள்ளிகளில், மனப்பாடம் இல்லாமல் செய்து பார்த்தே அறிவியல் கற்கும் புகழ்பெற்ற திட்டம் தொடங்கியபோது, அதை நடத்திய இரண்டு அமைப்புகளில் ஒன்று ரசூலியாவில் இருந்த குவேக்கர்களின் கிராம மையம்.

அந்த மௌனக் கூட்டம் எப்படி முடியும் தெரியுமா? மணி அடிக்காது, ஆசீர்வாதம் சொல்ல மாட்டார்கள். ஒரு மணி நேரம் ஆனதும் இருவர் கைகுலுக்கிக்கொள்வார்கள். உடனே மற்றவர்களும் பக்கத்தில் இருப்பவருக்குக் கை கொடுப்பார்கள். பிறகு டீ.